கைமாறும் எடை

செர்கேய் கிரின்கோவின் பேன்ட்டை ஷூவோடு இழுத்துப் பிடித்திருந்த பட்டை ஆட்டத்தின் நடுவில் அறுந்துவிட்டது. 1987, சரயேவோ, ஐரோப்பிய ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப், ஜோடிப் பிரிவு. அறுந்த பட்டை காலடியில் அலைந்தால் பிளேடில் சிக்கலாம். சிக்கினால் அவர் மட்டும் விழமாட்டார், அவர் தலைக்கு மேல் தூக்கிவைத்திருக்கும் பெண்ணும் சேர்ந்து விழுவாள். அவளுக்கு அப்போது வயது 15. நடுவர் நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். இருவரும் நிற்கவில்லை. இசையை நிறுத்தினார்கள். அப்போதும் நிற்கவில்லை. கடைசி அசைவுவரை ஆடி முடித்தார்கள். மறுபடி ஆட வாய்ப்புத் தரப்பட்டது, சோவியத் தரப்பு ஏற்கவில்லை. தகுதிநீக்கம்.

இதற்கு 14 வருடம் முன்னால், பிராட்டிஸ்லாவா உலக சாம்பியன்ஷிப்பில், இன்னொரு சோவியத் ஜோடியான இரினா ரோத்னினாவும் அலெக்சாந்தர் ஸைத்ஸெவும் ஆடிக்கொண்டிருக்கும்போதும் இசை நின்றது. 1968இல் சோவியத் டாங்கிகள் தன் ஊருக்குள் வந்த ஆத்திரத்தை யாரோ ஒரு ஒலிப் பணியாளர் இப்படித் தீர்த்துக்கொண்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர்களும் நிற்கவில்லை. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்த வருடத் தங்கம் அவர்களுக்கே.

ஒரே காரியத்துக்கு ஒரு ஜோடிக்குத் தகுதிநீக்கம், இன்னொரு ஜோடிக்குத் தங்கம் என்பதில் பேச நிறைய இருக்கலாம். எனக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. பிராட்டிஸ்லாவா பதிவை முதலில் பார்த்தபோது உறைத்த விஷயம் வேறு. இசை அறுந்த நொடிக்கு அடுத்த நொடியில் இருவருக்கும் நடுவில் எதுவுமே மாறவில்லை. ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பாட்டைக் கேட்டு ஆடுகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் அந்நேரம் கேட்டுக்கொண்டிருந்தது பாட்டை இல்லை போலிருக்கிறது.

சென்னைப் புறநகர்ப் படப்பையில் உட்கார்ந்து இதைப் பற்றி எழுதுவதில் ஒரு வேடிக்கை உண்டு என்பது எனக்கும் தெரிகிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் உறுமும் ஊர் இது. மணிமங்கலம் ஏரியில் மே மாதம் தண்ணீர் நிற்பதே பெரும்பாடு, உறைவது எங்கே? இங்கே ஐஸ் என்றால் ஞாயிற்றுக்கிழமை மீன்கடையில் சங்கராவுக்கும் வஞ்சிரத்துக்கும் நடுவில் உடைத்துப் போட்டிருக்கும் ஐஸ். ஆனாலும் சென்னைக்கும் அந்தப் பனிக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்துக் குளங்கள் குளிர்காலத்தில் உறைந்ததும், ஃப்ரெடெரிக் டூடர் என்ற வியாபாரி அந்தப் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றினார். மதராசில் அதை இறக்கிவைக்க 1842இல் கடற்கரையில் ஒரு கட்டடம் எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்த ஊர்ப் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் குளத்துப் பனி இங்கே துரைமார்களின் கண்ணாடிக் குவளைகளில் கரைந்தது. உள்ளூரிலேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்துவிட்டது.

சரி, அந்த 15 வயதுப் பெண்ணிடம் வருகிறேன்.

எகதெரினா கோர்தியேவா 1971இல் மாஸ்கோவில் பிறந்தவர். சோவியத் ராணுவத்தின் விளையாட்டுக் கழகமான சி.எஸ்.கே.ஏ.வில் சின்ன வயதிலேயே சேர்க்கப்பட்டார். 1981இல் கழகத்தின் பயிற்சியாளர் ஒருவர் அவரை 14 வயது செர்கேயோடு சேர்த்துவைத்தார். அவருக்கு அப்போது 10 வயது. இந்தச் சேர்ப்பில் யாருடைய விருப்பமும் கேட்கப்பட்டிருக்காது. அலுவலகத்தில் இன்ன மேசைக்கு இன்னார் என்று போடுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. 1986இல் ஜெனீவாவில் உலக சாம்பியன், வயது 14. அடுத்த வருடம் சரயேவோவில் தகுதிநீக்கம் பெற்ற சில வாரங்களுக்குள் மறுபடி உலக சாம்பியன். அதே 1987 நவம்பரில், பயிற்சியின்போது அவரைத் தலைக்கு மேல் தூக்கியிருந்த செர்கேயின் பிளேடு பனியில் மாட்டியது. கோர்தியேவா தலை அடிபட விழுந்தார். மருத்துவமனைக்குப் போய்வந்து, மூன்று மாதம் கழித்து 1988 கால்கரி ஒலிம்பிக்கில் தங்கம். 1990இல் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள், 1991இல் கல்யாணம், 1992இல் மகள் தாரியா. தொழில்முறைக்காரர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி விதி தளர்ந்ததும் 1994 லில்லெஹாமருக்கு வந்து, பீத்தோவனின் 'மூன்லைட் சொனாட்டா'வுக்கு ஆடி இரண்டாவது ஒலிம்பிக் தங்கம்.

இப்படி எழுதினால் ஒருவருடைய வாழ்க்கை மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் இதில் எந்தப் பதக்கத்தையும் கோர்தியேவா 'நான்' என்ற எழுவாயோடு சொல்ல முடியாது. நூறு மீட்டர் ஓட்டக்காரர் சொல்லலாம், செஸ் ஆட்டக்காரர் சொல்லலாம். டென்னிஸ் இரட்டையரில்கூட இவர் அடித்த பந்து, அவர் விட்ட பந்து என்று பிரித்துக் கணக்கு வைக்கலாம். ஜோடி ஸ்கேட்டிங்கில் கணக்கு அந்த அளவுக்குப் பிரியாது.

ஏன் பிரியாது என்பதை 'மரணச் சுழல்' என்று பெயர் வாங்கிய அசைவில் பார்க்கலாம். ஸ்கேட்டிங் பிளேடின் அகலம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். அடியில் நீளவாக்கில் குழிவாகத் தீட்டியிருப்பதால் இரண்டு விளிம்புகள் உண்டாகும், உள்விளிம்பு, வெளிவிளிம்பு. ஆள் சாய்ந்து போவதெல்லாம் அதில் ஏதோ ஒன்றின் மேல். மரணச் சுழலில் ஆண் ஒரு காலின் பிளேடு முன்பல்லைப் பனியில் ஊன்றி, முழங்கால் மடித்து, அச்சாணியாகிவிடுகிறான். பெண் அவனுடைய ஒரு கையைப் பிடித்தபடி, ஒற்றை விளிம்பின்மேல், கிட்டத்தட்ட படுத்த நிலையில் அவனைச் சுற்றுகிறாள். தலைமுடி பனியைத் தொடும். பார்ப்பவர்கள் அவன் அவளைச் சுழற்றுகிறான் என்று நினைப்பார்கள். அவள் வெளிப்பக்கம் இழுக்கும் இழுப்பு இல்லையென்றால் அவ்வளவு தாழப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அவன் மல்லாக்க விழுந்துவிடுவான். இரண்டு எடைக்கும் பொதுவாக ஒரு புள்ளி இருக்கிறது, அது அவன் உடம்பிலும் இல்லை, அவள் உடம்பிலும் இல்லை. பிடித்த கைகளின் பக்கத்தில் எங்கோ காற்றில் இருக்கிறது.

தூக்குவதும் அப்படித்தான். தூங்குகிற குழந்தையைத் தூக்கியவர்களுக்குத் தெரியும், விழித்திருக்கும்போது இருந்ததைவிடக் கனக்கும். தூக்கப்படுவதும் ஒரு வேலை. இடுப்பையும் முதுகையும் இறுக்கி, தன்னை ஒரே துண்டாக அவள் வைத்துக்கொண்டால்தான் அவனால் ஓடிக்கொண்டே, திரும்பிக்கொண்டே, ஒற்றைக் கையை நீட்டி நிறுத்த முடியும். கைதட்டல் தூக்கியவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே போகிறது என்பது என் அபிப்பிராயம்.

கோர்தியேவாவையும் கிரின்கோவையும் உலகம் காதல் கதையாகத்தான் வாங்கிக்கொண்டது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அது நல்ல சரக்கு. சின்னப் பெண், அவளைவிட ஏறத்தாழ ஒரு அடி உயரமான பையன், சேர்ந்து வளர்ந்தார்கள், காதலித்தார்கள். பொய்யொன்றும் இல்லை. ஆனால் வரிசை முக்கியம். முதல் ஏழெட்டு வருடங்கள் அவர்கள் காதலர்கள் அல்லர், சக ஊழியர்கள். கால்கரித் தங்கம் அந்தக் காலத்தில் வந்தது. அந்தப் பிசகாத ஒத்திசைவைக் காதலின் கணக்கில் எழுதினால், தினமும் காலையும் மாலையும் அதே தூக்கலை அதே இடத்தில் செய்த பத்து வயதுக் குழந்தையின் உழைப்பை அழித்துவிடுகிறோம்.

சந்தேகம் இருப்பவர்கள் ரோத்னினாவைப் பார்க்கலாம். 1969 முதல் 1978 வரை வருடம் தவறாமல் 10 உலகப் பட்டங்கள், 3 ஒலிம்பிக் தங்கங்கள். முதல் நான்கு பட்டங்கள் அலெக்சி உலானவோடு. உலானவ் போட்டி ஜோடியில் இருந்த லுத்மிலா ஸ்மிர்னோவாவைக் காதலித்து, கல்யாணம் செய்துகொண்டு, அவரோடு ஆடப் போய்விட்டார். அதற்கு முன்னால் 1972இல் கால்கரியில், உலகப் போட்டி தொடங்கும் தறுவாயில் நடந்த பயிற்சியில் அவர் கையிலிருந்து ரோத்னினா விழுந்து, தலையில் அடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். பிறகு எழுந்து வந்து ஆடி ஜெயித்தார், அதே மனிதரின் கையைப் பிடித்து. இன்னொருத்தியிடம் போகப்போகிறவர், இப்போதுதான் கீழே போட்டவர். காதல் என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை, நட்புக்கே இடம் இருந்ததா தெரியாது. ஆனாலும் அந்தக் கை இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும் என்று அவர் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. மனசு நம்பாததை உடம்பு நம்பும் என்பது எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எலெனா பெரெஷ்னயாவின் கதை அது. 1996 ஜனவரி, ரீகா. ஜோடியான ஒலெக் ஷ்லியாகவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரு காலைப் பின்னால் கிடையாக நீட்டிச் சுழலும் பயிற்சியில் இருந்தார்கள். இருவருக்கும் நடுவில் இருந்த தூரம் தப்பியது. அவனுடைய பிளேடு அவள் மண்டையோட்டை உடைத்துக்கொண்டு போனது. அறுவை சிகிச்சை, பேச்சு போய்த் திரும்பக் கற்றது எல்லாம் முடிந்து, அன்டோன் சிகாருலித்ஸே என்ற வேறொரு ஜோடியோடு 2002இல் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். நடுவர் தீர்ப்பில் முறைகேடு வெடித்து, அந்தத் தங்கம் கனடாவின் ஜேமி சாலே, டேவிட் பெலட்டியே ஜோடிக்கும் சேர்த்துத் தரப்பட்டது. பெலட்டியே என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

இரண்டு பேர் ஒரு ஆளாவது நமக்குப் புதிதில்லை. நம்மிடம் அது உடம்பில் நடக்கவில்லை, குரலில் நடந்தது. ஆலத்தூர் சகோதரர்கள் சகோதரர்களே இல்லை. சிவசுப்பிரமணிய ஐயர் ஆலத்தூர் வெங்கடேச ஐயரின் மகன், ஸ்ரீநிவாச ஐயர் அவரிடம் பாடம் கேட்க வந்தவர். கச்சேரி மேடை இருவரையும் உடன்பிறந்தவர்களாக்கிவிட்டது. ஒருவர் விட்ட ஸ்வரத்தை மற்றவர் எடுக்கும் இடத்தில் மூச்சு யாருடையது என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. மியூசிக் அகாடமிக்கு மட்டும் தெரிந்திருந்தது. சங்கீத கலாநிதியை 1964இல் ஒருவருக்கும் 1965இல் மற்றவருக்கும் கொடுத்தார்கள். ஒரே குரலுக்கு இரண்டு தவணை. விருதுக்கு ஒரு சிரமம் இருக்கிறது, அதற்கு ஆள் வேண்டும், ஒரு கழுத்து வேண்டும்.

உடம்பு என்று வரும்போது நாம் ஒதுங்கிவிடுகிறோம். பரதம் அடிப்படையில் தனியாள் ஆட்டம். சினிமா டூயட்டுக்காக சுவிட்சர்லாந்துப் பனிமலைவரை போவோம், அங்கேயும் நாயகனும் நாயகியும் பக்கத்தில் நின்று ஒரே அசைவைத் தனித்தனியாகத்தான் ஆடுவார்கள். நாயகிக்கு ஸ்வெட்டர்கூடக் கிடையாது என்பது தனி வழக்கு. அதே நாட்டில் கிரிண்டெல்வால்ட் என்ற மலையூரில், 1964, 1968 ஒலிம்பிக் சாம்பியன்களான ல்யுத்மிலா பெலவூசவாவும் ஒலெக் ப்ரொத்தபோப்பவும் சோவியத்திலிருந்து 1979இல் தப்பி வந்து குடியிருந்தார்கள். கணவன் மனைவி. எண்பதை நெருங்கியும் தாண்டியும் பனியில் கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். 2017இல் மனைவி போனார், 2023இல் கணவர்.

எங்கள் பக்கம் சாயங்காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பேட்மின்டன் கோர்ட்டில் ஸ்கேட்டிங் கிளாஸ் நடக்கும். நாலு சக்கர ஷூ, முழங்கால் காப்பு, தலைக்குப் பெரிதான ஹெல்மெட். கோன்களைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஒருநாள் ஒரு அக்காவும் தம்பியும் பயத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உருண்டார்கள். "கைய விடு பாப்பா, கைய விட்டாத்தான் பேலன்ஸ் வரும்" என்று மாஸ்டர் கத்தினார். ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து பிள்ளையைப் பிடிக்கப் போனதும், "நீங்க வராதீங்கம்மா" என்று அதற்கும் ஒரு சத்தம். மாஸ்டர் சொன்னது சரி. இங்கே ஸ்கேட்டிங் என்றால் வேகம், தனியாக ஓடி முந்துவது. அதற்குப் பலனும் வந்திருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேவில் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்து, இந்த விளையாட்டில் இந்தியாவின் முதல் உலக சாம்பியன் ஆனார். அதே போட்டியில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம்.

ஜோடிப் பிரிவு இந்தியாவில் இல்லாமல் இல்லை. ரோலர் ஸ்கேட்டிங் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஹைதராபாத்தின் அனுப் குமார் யாமாவும் அவனி பஞ்சாலும் ஜோடிப் பிரிவில் வெண்கலம் வாங்கினார்கள். அனுப் தனியாட்டத்திலும் ஒரு வெண்கலம் வாங்கினார், 2015இல் அர்ஜுனா விருதும் வந்தது. சக்கரத்தின்மேல் நின்று ஒருவரைத் தலைக்கு மேல் தூக்குவது பனியைவிட லேசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பனியாவது விழுந்தவரைக் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போகவிடும், தரை விடாது. ஆனால் நூறு கிளாஸ் நடக்கும் நம் புறநகரில் ஒரு ஜோடியைக்கூட நான் பார்த்ததில்லை. தரை இல்லாதது காரணமில்லை, மாஸ்டர் இல்லாதது பாதிக் காரணம். பத்து வயதுப் பெண்ணை பதினாலு வயதுப் பையனோடு கைகோத்து, இடுப்பைப் பிடித்து, தினம் நாலு மணிநேரம் பழகவிடும் வீடு இங்கே எத்தனை இருக்கும்? அண்ணன் தங்கையாக இருந்தால் விடுவார்கள்.

மரபு இல்லாத இடத்தில் தொடங்கவே முடியாதா என்றால், சீனாவில் யாவ் பின் தொடங்கினார். சோவியத் ஜோடிகளின் புகைப்படங்களைப் பார்த்துத் தூக்கலைக் கற்றவர். படத்தில் தூக்கியபிறகு இருக்கும் நிலை தெரியும், எப்படித் தூக்கினார்கள் என்பது தெரியாது. 1980இல் டோர்ட்மண்ட் உலகப் போட்டிக்குப் போய் லுவான் போவோடு கடைசி இடத்தில் வந்தார், அரங்கம் சிரித்தது. பிறகு பயிற்சியாளரானார். 1964இலிருந்து ஒலிம்பிக் ஜோடித் தங்கம் ஒருமுறைகூட சோவியத், ரஷ்யக் கையை விட்டு முழுசாகப் போயிருக்கவில்லை. 2010இல் அதைப் பறித்த ஷென் ஷுவேயும் ஜாவ் ஹோங்போவும் அவருடைய மாணவர்கள். யாவுக்கு ஹார்பினின் குளிரும் அரசாங்கமும் பின்னால் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1995 நவம்பர் 20, நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட். ரோத்னினா 1980இல் மூன்றாவது தங்கம் வாங்கிய ஊர். கோர்தியேவாவும் கிரின்கோவும் ஒரு சுற்றுப்பயண நிகழ்ச்சிக்காக இசையமைப்பாளர் கிரீக்கின் பியானோ கான்செர்ட்டோவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடனம் அமைத்த மரீனா ஸுயேவா கூட இருந்தார். செர்கேய் மெதுவாகத் தடுப்பை நோக்கிச் சறுக்கிப்போய், முழங்காலை மடித்து, பனிமேல் படுத்தார். அவருக்கு முன்பே முதுகுவலி உண்டு, அதுதான் என்று மனைவி நினைத்தார். இதயம் நின்றுவிட்டது. வயது 28. இதயக் குழாய்கள் அடைத்துப்போயிருந்ததை யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை. அவர் ரத்தத்தில் இருந்த ஒரு மரபணுக் கூறு பிற்பாடு மருத்துவ ஆராய்ச்சிக்கு விஷயமானது.

24 வயதில், மூன்று வயதுக் குழந்தையோடு விதவை. இதை எல்லாரும் எழுதினார்கள், அழவைக்கும்படி எழுதினார்கள். அவரே அடுத்த வருடம் 'மை செர்கேய்' என்று புத்தகம் எழுதினார். எனக்கு இன்னொரு இழப்பும் தெரிகிறது, அதைச் சொன்னால் மனசில்லாதவன் என்று தோன்றலாம். அவருடைய தொழிலில் முக்கால்வாசி அன்றைக்குப் போய்விட்டது. தூக்கல் இல்லை, வீசல் இல்லை, மரணச் சுழல் இல்லை. மிச்சம் இருந்தது பக்கத்தில் ஓடி ஒன்றாகப் போட்ட தாவல்களும் சுழல்களும், அவையும் இன்னொருவர் நேரத்தோடு ஒட்டிப் பழகியவை. இரண்டு தடவை ஒலிம்பிக் சாம்பியனான ஒருவர், தனியாக நாலு நிமிடம் பனியை நிரப்பத் தெரியாத புதியவராகிவிட்டார். கணவனை இழந்தவளுக்கு ஊரில் ஆறுதல் சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள், இதற்கு யார் இருப்பார்கள்?

1996 பிப்ரவரி 27, ஹார்ட்ஃபோர்டில் அஞ்சலி நிகழ்ச்சி. மாலரின் ஐந்தாம் சிம்பொனியிலிருந்து அடஜியெட்டோ, தனியாக ஆடினார். அமைத்துக் கொடுத்தது அதே ஸுயேவா. பார்த்தவர்கள் அவர் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பற்றியே பேசினார்கள். நான் பதிவில் கவனித்தது சாதாரணமான ஒன்று. கொஞ்சமும் தடுமாறாமல் ஆடினார். மூன்று மாதம் சொச்சத்தில் ஒருவர் தன் உடம்பின் பொதுப்புள்ளியைக் காற்றிலிருந்து தன் வயிற்றுக்கு நகர்த்திக்கொண்டுவிட்டார்.

பிறகு பல வருடங்கள் தனியாக ஆடிப் பிழைத்தார், பிழைப்பு என்ற சொல் இங்கே குறைவில்லை. ஒலிம்பிக் தங்கம் வீட்டு வாடகை கட்டாது, மகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு இருந்தது. 2020இல் டேவிட் பெலட்டியேயைக் கல்யாணம் செய்துகொண்டார். 2002இல் தங்கத்தைப் பங்கிட்டுக்கொண்ட அதே கனடாக்காரர். ஜோடி ஸ்கேட்டிங்கில் ஒரு ஜோடியின் பாதியும் இன்னொரு ஜோடியின் பாதியும்.

அதைவிட எனக்குப் பிடித்தது 2010இல் நடந்தது. கனடாவில் 'பேட்டில் ஆஃப் தி பிளேட்ஸ்' என்று ஒரு டிவி போட்டி. ஓய்வுபெற்ற ஐஸ் ஹாக்கிக்காரர்களை ஃபிகர் ஸ்கேட்டர்களோடு சேர்த்து ஆடவைத்தார்கள். கோர்தியேவாவுக்கு வாய்த்தவர் வலேரி புரே. பனியில் வேகமாகப் போகத் தெரியும், எதிராளியை இடிக்கத் தெரியும், ஒரு பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பத் தெரியாது. பயிற்சியாளர்கள் இருந்திருப்பார்கள். ஆனாலும் கை இடுப்பில் எங்கே உட்காரவேண்டும், எந்த எட்டில் முழங்காலை மடக்க வேண்டும், இறக்கும்போது எந்தப் பக்கம் சாயக்கூடாது என்பதெல்லாம் பத்து வயதிலிருந்து மேலே இருந்து பார்த்தவருக்கு அல்லவா தெரியும்? 39 வயதில், தூக்கத் தெரியாத ஒருவர் கையில் ஏறினார். அந்த வருடப் போட்டியை அவர்கள் இருவரும் ஜெயித்தார்கள்.